பதில் வராத நிரை

புது வீட்டில் பச்சைக் கொழுந்து வாசம் அடித்தது.

பெயிண்டும் வார்னிஷும் மணக்க வேண்டிய ஹாலில், அப்போதுதான் வெட்டிய தேயிலைக் கொழுந்தைச் சாக்கில் அமுக்கிக் கட்டினால் வருமே, அந்த ஈர வாசம். லிங்கசாமி சன்னலைத் திறந்து பார்த்தான். ஜெகதளா ஊருக்கு மேலே இந்தச் சரிவில் பேருக்கு ஒரு தேயிலைச் செடியைக்கூட அவன் விட்டுவைக்கவில்லை. எல்லாவற்றையும் வேரோடு பிடுங்கி, மலையைப் படிப்படியாக வெட்டி, வரிசையாக வில்லா கட்டியாயிற்று. நாளைக்கு முதல் வில்லாவுக்குக் கிரகப்பிரவேசம். அதற்கு மகள் வனிதாவின் பெயரையே வைத்திருந்தான். அவளும் அம்மா சசிரேகாவும் கோயம்புத்தூரிலிருந்து காரில் வந்துகொண்டிருந்தார்கள்.

வாட்ச்மேன் இருளப்பன் குல்லாவை இழுத்துவிட்டுக்கொண்டு வாசலில் நின்றான்.

"மிஸ்ட்டு எறங்குதுங்க. நான் கெளம்பறேனுங்க."

"இன்னும் பொழுதே சாயலயே, என்னய்யா அவசரம்? பாப்பா வந்துட்டிருக்குது."

"மிஸ்ட்டு வந்துட்டா இங்க ஆவாதுங்க. பாப்பாவ காலைல வரச் சொல்லிப்போடுங்க."

லிங்கசாமி சிரித்தான். இருளப்பன் பதிலுக்கும் நிற்காமல் ஒற்றையடிப் பாதையில் இறங்கிப் போய்விட்டான்.

போகட்டும். பயந்து பயந்து பிழைக்கிறவன். பயந்திருந்தால் லிங்கசாமி இந்த எஸ்டேட்டில் கூலிக்காரர்களின் லைன் வீட்டிலேயே கிடந்து, அம்மாவைப் போலக் கொழுந்து சுமந்து செத்திருப்பான். குன்னூரில் தரகனாக நின்றவன்தான்; இன்றைக்கு எந்த மலைமுகட்டைப் பார்த்தாலும் அதில் அவன் போட்ட கூரை தெரியும். நடுவில் சில சங்கடங்கள் வரத்தான் செய்தன. போன மழையில் அடிவாரத்தை வெட்டும்போது மேலே கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பெண்களோடு சரிவு இறங்கியது. மற்றவர்கள் தப்பி ஓடிவிட்டார்கள். மூக்கம்மாவும் ஆண்டாயியும் கிடைக்கவில்லை. தேடினால் வேலை நின்றுபோகும். ஓடை இரண்டு பேரையும் அடித்துக்கொண்டு போய்விட்டது என்று சொல்லி, இறங்கிய மண்ணைச் சமப்படுத்தி, அதன்மேலேயே வில்லாவுக்கு ரோடு போட்டான்.

பனிமூட்டம் சன்னல் வரை வந்து நின்றது. ரோடு மறைந்தது, கேட் மறைந்தது. கொழுந்து வாசம் தொண்டையில் கசந்தது. அப்புறம், வெளியே எங்கேயோ, சரக், சரக் என்று கொழுந்துக் கத்தரியின் சத்தம். ஒரு கத்தரி இல்லை. பல. செடியே இல்லாத சரிவில் நிரை நிரையாக வெட்டிக்கொண்டு மேலே வந்தன.

சட்டென்று எல்லாம் நின்றன.

"மூக்கம்மோ..."

இது பேர் கூப்பிடுகிற சத்தம். மூட்டத்தில் பக்கத்து நிரையில் நிற்பவள்கூடத் தெரியமாட்டாள். அதனால் மலையிறங்கும் முன் ஒருத்தி அடுத்தவளைக் கூப்பிடுவாள். கூப்பிடப்பட்டவள் 'இருக்கேன்' என்று சொல்லிவிட்டு, தனக்கு அடுத்த ஆளைக் கூப்பிட வேண்டும். ஒரு குரல் குறைந்தாலும் யாரும் இறங்கமாட்டார்கள். சரிவு இறங்கிய அன்றைக்கும் தப்பியவர்கள் அந்த இரண்டு பேரையும் கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை கட்டிப்போய் நின்றார்கள்.

"இருக்கேன்..."

ரோட்டுக்கு அடியிலிருந்து வந்தது.

"ஆண்டாயீ..."

"இருக்கேன்..."

பிறகு, நிரையின் கடைசியில் சாக்கைப் போர்த்திக்கொண்டு அம்மாவுக்காகக் காத்திருந்த பொடியனைக் கேலியாகக் கூப்பிடுவார்களே, அதே ராகத்தில்:

"லிங்கசாமீ..."

"இருக்கேன்."

நாக்கு சொல்லிவிட்டது. அந்த வயதின் பழக்கம். சொன்ன பிறகுதான் அவனுக்கே கேட்டது.

ஐயோ.

வெளியே காத்திருந்தார்கள். அடுத்த பேரைச் சொல்ல வேண்டியது அவன்.

வளைவில் கார் விளக்கு திரும்பியது.

வேண்டாம். வராதே. திரும்பிப் போ. கத்த வேண்டும்போல இருந்தது. வாயைத் திறந்தால் மகள் பெயர்தான் வரும். போனை எடுத்தான், கீழே போட்டான். இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டான். கார் ரோட்டின் நடுவில் நின்றது. சரியாக அந்தச் சரிவு மண்மேல். கதவு திறந்தது. விளக்கு வெளிச்சத்தில் வனிதா இறங்கி, மூட்டத்தில் வீடு தெரியாமல் சுற்றுமுற்றும் பார்த்தாள்.

"வனிதா..."

அவன் குரல். அவனே கூப்பிடுவதுபோல, அதே செல்லம், அதே இழுப்பு. உதட்டைத் தடவிப் பார்த்தான். மூடியிருந்தது. மூடித்தான் இருந்தது.

வனிதா வீட்டுப் பக்கம் திரும்பவில்லை. குனிந்து, காலடியில் ரோட்டைப் பார்த்தாள்.

"இங்கதாம்ப்பா இருக்கேன்."

மூட்டம் ஒருதரம் கடந்து போனது. கார் விளக்கு வெளிச்சத்தில் வெறும் ரோடு; வனிதா இல்லை. அடியிலிருந்து, மெதுவாக, அவள் தன் முறைக்குக் கூப்பிட்டாள்.

"அம்மா..."

காரின் மறுபக்கக் கதவு திறந்தது.