இரண்டு கண்ணையும் கட்டிய பிறகு

வீட்டிலேயே கண்ணைச் சோதித்து எழுதி அனுப்பச் சொன்ன ஆஸ்பத்திரித் தாளின் முதல் கேள்விக்கு நாகஜோதி ஒழுங்காகப் பதில் எழுதினாள். சோதனையின்போது இருந்தவர்கள் மூவர். கணவர் காசிராஜன், வாசலை ஒட்டிய நாற்காலியில். அவருடைய அக்கா மாரித்தாய், அடுப்படி நிலைப்படியில், பேனாவோடு. நாகஜோதி, பத்தடி தள்ளி, எதிர்ச்சுவரோரம், அட்டையோடு.

அட்டையில் மூன்று கால் நீட்டிய எழுத்துகள் வரிக்கு வரி சிறுத்துக்கொண்டே போயின. கால் எந்தப் பக்கம் என்று சொல்ல வேண்டும். மாசியில் பட்டாசு ஆலையின் மருந்து ரூம் வெடித்ததில் கூட வேலை பார்த்த பாண்டிராஜ் செத்துப்போனான். காசிராஜனுக்குப் பார்வை மங்கியது. கண் தேறிவிட்டதாக இந்தத் தாள் சொன்னால் மறுபடி அதே வேலை. தெரியாத கண்ணோடு மருந்தைத் தொட்டால் அவர் திரும்பி வரமாட்டார்.

கடைசி வரிவரை தப்பில்லாமல் சொன்னார்.

"ஏலே, பள்ளிக்கூடத்துல இம்புட்டு மார்க் எடுத்திருந்தா எங்கனயோ போயிருப்ப!" என்றாள் மாரித்தாய்.

காலையில் தட்டிலிருந்த இட்லியைத் தடவித் தேடியவர் அவர். மத்தியான வெயிலில் கூரைத் தகரம் நெளியும் சத்தமும், மின்விசிறியின் முனகலும், எங்கிருந்தோ கசிந்த கந்தக வாடையும் வீட்டை நிறைத்தன. மனப்பாடமா என்று அறிய இரு கண்ணையும் கட்டிக் கேளுங்கள், விடை தப்ப வேண்டும் என்றது தாள். துண்டால் இறுகக் கட்டினாள். அட்டையைத் தலைகீழாக்கினாள்.

"கீழ. இடது. மேல. இடது."

அத்தனையும் சரி. மாரித்தாய் பேனாவைக் கீழே வைத்தாள்.

நாகஜோதி அட்டையை முதுகுக்குப் பின்னால் மறைத்து, ஓர் எழுத்தில் விரலை வைத்து, சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.

"இப்பச் சொல்லுங்க."

"இரு புள்ள. பாண்டி உன் பின்னால வாரான்."

பின்னால் சுவர்தான். பிடரியில் சூடான மூச்சு. கந்தகம்.

"மேல," என்றார்.

விரலை எடுக்காமல் அட்டையைத் திருப்பிப் பார்த்தாள். மேல்.

பேனாவை எடுத்து, தாளில் மூவர் என்பதை அடித்து நால்வர் என்று எழுதினாள். நான்காமவர் இடம்: என் பின்னால். அதன் கீழே: இவருக்குப் பார்வை இல்லை, வேலைக்கு விட வேண்டாம்.

"விட வேண்டாம்னு எழுதிட்டியாமே," என்றார் காசிராஜன், துண்டை அவிழ்க்காமலே. "அங்கன ஒத்தையில வேலை ஓடலியாம் அவனுக்கு."

உறையில் போட்டாள். ஒட்டினாள். ஓடினாள்.

தெருமுனைத் தபால்பெட்டி. வாய்க்குள் கடிதத்தை நுழைத்தாள்.

விழும் சத்தம் இல்லை. உள்ளிருந்து யாரோ மெதுவாக வாங்கிக்கொண்டார்கள்.

கையை வெளியே இழுத்தாள். விரல் ஐந்திலும் பட்டாசு மருந்தில் கலக்கும் அலுமினியப் பொடி. வெள்ளியாய். சூடாய்.