ஏழாம் வண்டி பாதியில் நின்றது ஏன்?

அக்கா உயிரோடு இருந்த காலத்தில், அவள் வீட்டுக்கு அழுதுகொண்டு வந்த எவரும் ஒரு டம்ளர் தண்ணீரைக் குடித்து முடிக்காமல் பேசத் தொடங்கியது கிடையாது. அது அவள் வைத்திருந்த சட்டம். இருபத்தாறு வருடம் விபத்தில் சிக்கிய வண்டிகளைப் பார்த்து இன்சூரன்ஸுக்கு அறிக்கை எழுதிய சர்வேயர் அவள். "தொண்டை காஞ்சவங்க பாதியச் சொல்லுவாங்க, பாதிய முழுங்கிடுவாங்க" என்பாள்.

அன்று காலை வந்த பெண்ணும் குடித்து முடித்தாள். அக்காவின் தம்பி எதிரே நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தான். நாற்பத்தைந்து வயது. பாஸ்போர்ட் படம் எடுக்கும் ஸ்டுடியோ ஒன்று வைத்திருந்தான். அக்காவுக்கு ஒரு வழக்கு வந்துவிட்டால் ஸ்டுடியோவைப் பூட்டிவிட்டுக் கேமராவும் கையுமாக அவள் பின்னால் கிளம்பிவிடுவான்.

"என் வீட்டுக்காரர் லாரி டிரைவர்க்கா. முந்தாநாள் காலைல யார்டுல வண்டிய ரிவர்ஸ் எடுக்கும்போது லோடுமேன் ஒருத்தர் கால் நசுங்கிடுச்சு. அந்த லோடுமேன் வேற யாருமில்ல, என் கூடப் பொறந்த அண்ணன்."

தம்பி நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"ரெண்டு பேருக்கும் ஆறு மாசமா பேச்சு கிடையாது. அம்மாவ யார் வச்சுப் பாத்துக்கறதுங்கற சண்டை. அதனால வேணும்னே ஏத்திட்டான்னு யார்டு முழுக்கப் பேச்சு. அண்ணனும் நம்பிட்டாரு. நாளைக்கு முதலாளி போலீஸ்ல எழுதிக் கொடுக்கப் போறாரு. லைசென்ஸ் போயிடும், ஆளும் உள்ள போயிடுவாரு. எனக்குப் புருஷன் பக்கமும் போக முடியல, அண்ணன் பக்கமும் போக முடியல."

"உன் வீட்டுக்காரர் என்ன சொல்றாரு?"

"லாரிக்குப் பின்னால பாக்கற கேமரா ஸ்கிரீன்ல யாருமே இல்லன்னு சத்தியம் பண்றாரு. ஆனா கேமராவச் சோதிச்சுப் பாத்தாங்க, நல்லாத்தான் வேலை செய்யுதாம்."

அக்கா கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டாள். "சரி. போய்ப் பாக்கலாம்."

யார்டில் பன்னிரண்டு லாரிகள். ஒவ்வொன்றின் பின்கதவுக்கு மேலும் காந்தத்தால் ஒட்டிக்கொள்ளும் கையடக்கக் கேமரா உண்டு. வயர் கிடையாது. அது அனுப்பும் படம் டிரைவர் முன்னால் உள்ள சின்னத் திரையில் தெரியும். நாலாம் கேமரா நாலாம் திரையோடு மட்டும் பேசும், ஏழாம் கேமரா ஏழாம் திரையோடு மட்டும். மாலையில் எல்லாவற்றையும் கழற்றி ஆபீஸ் சுவரில் சார்ஜுக்கு மாட்டுவார்கள். கேமராவின் மேல் எழுதிய எண்கள் மழையிலும் சோப்புத் தண்ணீரிலும் எப்போதோ அழிந்துபோயிருந்தன. சுவரில் கொக்கிக்குக் கொக்கி எண் இருந்தது. எந்தக் கொக்கியில் தொங்குகிறதோ அந்த வண்டிக்குரியது, அவ்வளவுதான்.

இதையெல்லாம் எலக்ட்ரீஷியன் விளக்கினான். "தினம் நான்தான்கா மாட்டுவேன், கழட்டுவேன். முந்தாநாள் லீவு. பொண்ணுக்குக் காது வலி."

"அன்னிக்கு நான் மாட்டினேன்" என்று முன்னால் வந்தார் சூப்பர்வைசர். முதலாளியின் மகளைக் கட்டியவர் என்பதால் யார்டில் எல்லோருக்கும் அவர் மாப்பிள்ளைதான். இஸ்திரி கலையாத சட்டை, பையில் மூன்று பேனா. "அடிபட்டதும் எல்லாத்தையும் கழட்டிப் பத்திரமா கொக்கியில மாட்டினதும் நான்தான். அதுக்கப்புறம் ஒருத்தன் கை அதுமேல படல. ஆள இடிச்ச நாலாம் வண்டியோட கேமராவ மட்டும் முதலாளி முன்னாலயே நாலாம் திரையில போட்டுக் காட்டினேன். கண்ணாடி மாதிரி தெரிஞ்சுது. டிரைவர் புளுகறான் மேடம்."

"முன்னெல்லாம் வண்டி பின்னால வரும்போது ஒரு ஆள் நின்னு சைகை காட்டுவாரே?"

"கேமரா வந்தப்புறம் அது எதுக்கு? நான்தான் நிறுத்தச் சொன்னேன்."

அக்கா தலையாட்டிவிட்டு வெளியே நடந்தாள். சரக்கு ஏற்றும் மேடைகள் இரண்டு பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. விபத்துக்குப் பிறகு அங்கே வேலை நின்றிருந்தது. இடது மேடையின் முன்னால், கொஞ்சம் முன்னே நகர்த்தப்பட்ட நாலாம் வண்டி. மேடைக்கு மேலிருந்த இரும்புச் சட்டத்துக்கு மஞ்சள் பெயின்ட் புதிது; விபத்துக்கு முந்தைய மாலைதான் அடித்தார்களாம். அதில் ஓரிடத்தில் ஒரு கீறல். மேடை விளிம்பில், வண்டி மோதினால் தாங்குவதற்காக, புத்தம் புது ரப்பர். வலது மேடைக்கு இன்னும் பெயின்ட் அடிக்கவில்லை. ரப்பரும் பழையது, நார்நாராகக் கிழிந்து தொங்கியது. அதற்குப் பத்தடி முன்னால் ஏழாம் வண்டி கோணலாக நின்றிருந்தது.

நாலாம் வண்டி டிரைவர், அந்தப் பெண்ணின் கணவன், மனைவியின் முகத்தைப் பார்க்காமல் பேசினான். "பின்னால மேடை தெரிஞ்சுது, கிழிஞ்ச ரப்பர் தெரிஞ்சுது. நடுவுல ஈ காக்கா இல்ல. இன்னும் பத்தடி இருக்கறப்போ படம் அப்படியே நின்னுடுச்சு. வயர் இல்லாத சாமான், அப்பப்ப நிக்கும், வந்துடும்னு மெதுவா விட்டேன். டமார்னு இடிச்சுது. மச்சான் கத்தின சத்தம்..."

"எனக்குப் புரிஞ்சுபோச்சு!" என்று தம்பி அக்காவின் காதருகே கிசுகிசுத்தான். "யாரோ பழைய படத்தை ரெக்கார்டு பண்ணி ஓட விட்டுருக்காங்க!"

"இது ரெக்கார்டே பண்ணாத கருவிடா."

"அப்ப டிரைவர் புளுகறான்."

"புளுகறவன் புது ரப்பர்னு சொல்லியிருப்பான். அவன் மேடையில இருக்கறது அதுதானே? ஏன் கிழிஞ்சதுங்கறான்?"

தம்பி திரும்பி இரண்டு மேடைகளின் ரப்பரையும் மாறி மாறிப் பார்த்தான்.

"அந்த வண்டி ஏன் பாதியில நிக்குது?" என்று அக்கா ஏழாம் வண்டியைக் காட்டினாள்.

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். "டேய் பேய், கூப்பிடறாங்க பாரு!" ஏழாம் வண்டி டிரைவர் கழுத்துத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்தான்.

"நானும் அதே நேரம்தான்கா ரிவர்ஸ் எடுத்தேன். ஸ்கிரீன்ல ஒரு ஆள் குனிஞ்சு எதையோ எடுக்கற மாதிரி தெரிஞ்சுது. பிரேக் அடிச்சேன். இறங்கி ஓடிப் பாத்தா பின்னால யாருமில்ல. அதுக்குள்ள பக்கத்துல கூச்சல். அன்னிலேருந்து என் பேரே பேய்."

"அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்" என்றார் மாப்பிள்ளை. "பட்டப்பகல்ல பேய் பாத்த ஒரே டிரைவர் நம்ம கம்பெனியிலதான் இருக்கான் மேடம்."

அக்கா சிரிக்கவில்லை. "உன் வண்டி மேடையத் தொட்டுச்சா?"

"எங்கக்கா? பத்தடி முன்னால நின்னது நின்னதுதான். இன்னி வரைக்கும் நகரல."

அக்கா நேராக ஆபீஸுக்குள் போனாள். சுவரில் பன்னிரண்டு கொக்கிகள், பன்னிரண்டு கேமராக்கள். நாலாம் கொக்கியில் இருந்ததைத் தொடாமல் நாலு பக்கமும் பார்த்தாள். ஏழாம் கொக்கியில் இருந்ததன் முன்னால் நின்றவள் அங்கேயே நின்றுவிட்டாள். "தம்பி, இதை மேலேருந்து ஒரு படம் எடு. கொக்கி நம்பரும் சேர்ந்து விழணும்." தம்பி நாற்காலி மேல் ஏறினான். படத்தை எடுத்துவிட்டு இறங்கினான்.

"முதலாளியக் கூப்பிடுங்க" என்றாள் அக்கா.

முதலாளி வந்தார்; இரண்டு டிரைவர்களும், எலக்ட்ரீஷியனும், அந்தப் பெண்ணும் வந்தார்கள். மாப்பிள்ளை கையைக் கட்டிக்கொண்டு கதவோரம் நின்றார்.

"முதல்ல ஒரு வேடிக்கை பாத்துடலாம்" என்றாள் அக்கா. "எலக்ட்ரீஷியன் தம்பி, நாலாம் கேமராவ ஏழாம் வண்டியில ஒட்டு. ஏழாம் கேமராவ நாலாம் வண்டியில ஒட்டு. துணியால பிடி, மேல் பக்கம் கை படாம. டிரைவருங்க ரெண்டு பேரும் அவங்கவங்க வண்டியில ஏறுங்க. டேய் தம்பி, நீ போய் நாலாம் வண்டிக்குப் பின்னால குனிஞ்சு நில்லு."

தம்பி போய்க் குனிந்தான். ஏழாம் வண்டிக்குள்ளிருந்து ஒரு கூச்சல் எழுந்தது: "ஐயோ, இதோ என் பேய்! தொப்பையோட நிக்குது!"

யாரும் சிரிப்பதற்குள் நாலாம் வண்டி டிரைவர் கீழே குதித்து ஓடி வந்தான். "கிழிஞ்ச ரப்பர்! அன்னிக்கு நான் பாத்தது இதேதான். பத்தடி தூரம், ஈ காக்கா இல்ல. இதேதான் முதலாளி!"

"ரெண்டு பேரும் பொய் சொல்லல" என்றாள் அக்கா. "ஒருத்தர் வண்டியோட கண்ணு இன்னொருத்தர் வண்டியில இருந்துச்சு. ஏழாம் டிரைவர் பாத்தது பேய் இல்ல, நாலாம் வண்டிக்குப் பின்னால இருந்த இந்தப் பொண்ணோட அண்ணன். ஆளப் பாத்ததும் அவர் நிறுத்தினாரு. அவர் வண்டி நின்னதால நாலாம் திரையில படம் நின்னுச்சு. நாலாம் டிரைவருக்குப் பத்தடி பாக்கி இருக்கற மாதிரியே தெரிஞ்சுது."

முதலாளி நெற்றியைத் தடவினார். "நடந்திருக்கலாம்மா. நடந்துச்சுன்னு எப்படிச் சொல்றீங்க?"

அக்கா எல்லோரையும் ஆபீஸுக்குத் திரும்ப அழைத்து வந்து, எலக்ட்ரீஷியன் கழற்றிய ஏழாம் கேமராவைத் துணியோடு வாங்கி மேசை மேல் வைத்தாள். கேமராவுக்கு மேலிருந்த தகர மூடி நெளிந்திருந்தது. நெளிந்த இடத்தில் மஞ்சள் பெயின்ட். பக்கத்தில், தம்பியின் கேமராவில், அவன் எடுத்த படம்: அதே நெளிசல், அதே மஞ்சள், ஏழாம் எண்.

"மஞ்சள் பெயின்ட் அடிச்சது இடது மேடையில மட்டும். அந்தச் சட்டத்துல இடிச்சது நாலாம் வண்டி மட்டும். ஏழாம் வண்டி எதையும் தொடவே இல்ல. அப்ப இந்தக் கேமரா அந்த நிமிஷம் எந்த வண்டியில இருந்துச்சு?"

"நாலாம் வண்டியில" என்றான் எலக்ட்ரீஷியன் மெதுவாக.

"காலைல அவசரத்துல மாத்தி மாட்டறது யாருக்கும் வர்ற தப்பு. அதுக்காக நான் இத்தனை பேரக் கூப்பிட மாட்டேன்." அக்கா முதல் தடவையாகக் கதவோரம் நின்ற மாப்பிள்ளை பக்கம் திரும்பினாள். "நாலாம் வண்டியிலேருந்து கழட்டின கேமரா, விஷயம் தெரியாதவர் கையில எந்தக் கொக்கிக்குப் போகும்?"

அக்காவே சுவரிலிருந்த நாலாம் கொக்கியைத் தொட்டுக் காட்டினாள்.

"நாலுக்குத்தான் போகும். ஆனா அது சரியா ஏழுக்குப் போயிருக்கு. மாறியிருக்குன்னு தெரிஞ்சவர் கை மட்டும்தான் அதைச் செஞ்சிருக்க முடியும். வேற ஒருத்தன் கையும் படலன்னு நீங்களே சொன்னீங்க, மாப்பிள்ளை."

மாப்பிள்ளையின் கட்டிய கைகள் அவிழ்ந்தன. "நான்... எல்லாரும் அவரைத் தூக்கிட்டு ஓடினாங்க. நான் நாலாம் திரையப் பாத்தேன். பக்கத்து மேடை தெரிஞ்சுது. பயந்துட்டேன் மாமா. சைகை காட்டற ஆள நிறுத்தச் சொன்னதும் நான், மாட்டினதும் நான்..."

"அதனால ஒரு குடும்பத்தை ரெண்டாக்கிப் பாத்துக்கிட்டு நின்னியா?" முதலாளியின் குரல் உயரவே இல்லை. "முழுப் பூசணிக்காய சோத்துல மறைச்சிருக்க. நாளைக்கு போலீஸ்ல எழுதிக் கொடுக்கத்தான் போறேன். ஆனா இதை. நீ என்கூட வந்து உன் வாயால சொல்ற."

மதியம் ஆஸ்பத்திரிக்கு எல்லோரும் போகவில்லை. அந்தப் பெண் அக்காவையும் தம்பியையும் கூப்பிட்டுப் போனாள். டிரைவர் வந்தான், ஆனால் வார்டு வாசலோடு நின்றுகொண்டான். உள்ளே லோடுமேன் காலில் கட்டோடு படுத்திருந்தான். தங்கை ஒன்று விடாமல் சொன்னாள். அவன் விட்டத்தையே பார்த்துக்கொண்டு கேட்டான்.

"அப்ப அவன் ஸ்கிரீன்ல நான் தெரியவே இல்லையா?"

"இல்லண்ணே. தெரிஞ்சிருந்தா..."

"தெரிஞ்சிருந்தா நிறுத்தியிருப்பான். அது எனக்குத் தெரியாதா?" அவன் முகத்தை ஒரு நிமிடம் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான். "ரெண்டு நாளா தெரியாமத்தான் போச்சு."

பிறகு வாசல் பக்கம் பார்த்துக் குரலை உயர்த்தினான். "அங்க யாருப்பா, செக்யூரிட்டி வேலையா பாக்கறே? உள்ள வா."

டிரைவர் வந்து கட்டிலின் கால்மாட்டில் நின்றான். எங்கே பார்ப்பது என்று தெரியாமல் கட்டுப்போட்ட காலையே பார்த்தான்.

"என் வீட்டுக்கு மாடிப்படி" என்றான் லோடுமேன். "மூணு மாசம் ஏறக் கூடாதாம். உங்க வீட்டுக்குத்தான் வரப் போறேன்."

"வாங்க மச்சான்." டிரைவர் தலையைச் சொறிந்தான். "ஆனா கட்டில் ஒண்ணுதான் இருக்கு."

"நான் என்ன தரையிலயா படுக்க முடியும்? நீ படு."