குழி காலி

கல்லங்குறிச்சிக் கோயில் நிறுத்தத்தில் கூட்டமெல்லாம் இறங்கிவிட்டது. அதன் பிறகு பஸ்ஸில் நானும் என் தம்பி அசோக்கும்தான். முந்திரித் தோப்பு முடிகிற இடத்திலிருந்து எல்லாம் வெள்ளை. வேலிக்கருவை, மின்கம்பம், ஓரமாகப் படுத்திருந்த நாய் என எதற்கும் சொந்த நிறம் இல்லை. சுண்ணாம்புக்கல் குவாரியின் தூசி.

"அக்கா, துப்பட்டாவை மூக்குல கட்டிக்க. சாயந்தரம் வூட்டுக்குப் போறப்ப அம்மாவுக்கே ஒன்னைய அடையாளம் தெரியாது" என்றான் அசோக்.

அன்று எனக்கு அங்கே முதல் நாள். அவன் ஏற்கெனவே வேட்டுக்காரரிடம் உதவியாளாக இருந்தான். பாறையில் துளை போட்டு, மருந்து நிரப்பி, வெடிக்க வைக்கிறவர்தான் வேட்டுக்காரர்.

குழியின் விளிம்பில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒற்றை அறைதான் ஆபீஸ். ஜன்னல் கண்ணாடியில் தூசி அப்பியிருந்ததால் பட்டப்பகலிலும் உள்ளே மங்கல். கீழே எங்கோ பம்ப் ஓடும் சத்தம் தரை வழியாகக் காலில் ஏறியது. சுவரில் ஒரு பலகை. அதில் வரிசையாக ஆணிகள். ஆணிக்கு ஒரு பித்தளை டோக்கன்.

வேலையின் முறையை முதலில் சொல்லிவிடுகிறேன். அது புரிந்தால்தான் பிறகு நடந்தது புரியும்.

குழியில் இறங்குகிறவர் தன் டோக்கனை எடுத்துக்கொண்டு போக வேண்டும். வேட்டுக்கு முன் சங்கு ஊதியதும் மேலே வந்து டோக்கனை ஜன்னலில் தர வேண்டும். இறங்கியவர், ஏறியவர் இரண்டையும் நான் எக்செல்லில் பதிவேன். பிறகு ஒரு பட்டனை அழுத்துவேன். நான் எழுதிய மேக்ரோ, அதாவது ஒரு சின்ன நிரல், ஓடும். டேட்டாபேஸில் முந்தைய நாளின் டேபிள்களை அழித்துவிட்டு, இரண்டு டேபிள்களைப் புதிதாக உருவாக்கும். ஒன்று 'உள்ளே', மற்றொன்று 'வெளியே'. ஷீட்டில் இருக்கும் பெயர்களை அவற்றில் நிரப்பும். இரண்டும் பொருந்தினால் வாக்கி டாக்கியில் "குழி காலி" என்று சொல்வேன். அந்தச் சொல் வந்தால்தான் வேட்டுக்காரர் வெடிப்பெட்டியின் சாவியைத் திருப்புவார். ஆண்டவர் என்பது அவர் பெயர்.

நான் தப்பாகச் சொன்னால் ஒரு ஆள் போய்விடுவார். அவ்வளவுதான் என் வேலை.

முதல் தடவை பட்டனை அழுத்தியபோதே 'உள்ளே' டேபிளில் ஒரு வரி அதிகம் இருந்தது. டோக்கன் எண் இல்லை, பெயரும் இல்லை. டேபிளை உருவாக்கும்போதே பெயர் காலியாக இருக்கக் கூடாது என்று கட்டளையில் எழுதியிருந்தேன். பெயரில்லாத வரியை அது ஏற்கவே கூடாது.

"ஷீட்ல கீழ எங்கயாச்சும் ஸ்பேஸ் தட்டியிருப்பம்மா. மெஷின் அதையும் ஒரு ஆளுன்னு எண்ணியிருக்கும்" என்றார் மேனேஜர் சிவசுப்பிரமணியன்.

அப்படி நடக்கிறதுதான். கீழே இருந்த வெற்று வரிகளையெல்லாம் அழித்துவிட்டு மறுபடி அழுத்தினேன்.

அந்த வரி வந்தது.

வேட்டுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. குழியில் இறங்கியவர்கள் அத்தனை பேரும் என் கண்ணெதிரே நின்று பீடி பிடித்துக்கொண்டிருந்தார்கள். பெயரில்லாத வரியை விட்டுவிடு என்று மேக்ரோவில் ஒரு கட்டளை சேர்த்தேன். இரண்டு டேபிளும் பொருந்தின. "குழி காலி" என்றேன். தரை குலுங்கியது.

புகை அடங்கியதும் ஒரு வாடை வந்தது. மருந்து வாடை இல்லை. ஈரமான, உப்புக் கரிக்கிற வாடை. அந்தப் பாறையை உடைத்தால் உள்ளே சிப்பியும் சங்கும் கல்லாகிக் கிடக்கும். ஒரு காலத்தில் கடலாக இருந்த இடம் என்பார்கள். ஆனால் வாடை குழியிலிருந்து வரவில்லை. என் ஜன்னலுக்கு வெளியே, கைக்கெட்டும் தூரத்தில் நின்றது.

கூட்டிப் பெருக்கி டீ போட்டுத் தருகிற அம்மாக்கண்ணு அக்காவும் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"ஒனக்கும் அடிக்குதாடி?" என்று மெதுவாகக் கேட்டார்.

"என்னக்கா இது?"

"முன்ன வேற காண்ட்ராக்டு இருந்துச்சு. ஒருத்தன் மச்சானுக்கு ஒடம்பு சரியில்லைன்னு அவனுக்குப் பதிலா வேலைக்கு வந்தான். இங்க அதெல்லாம் சகஜம்தான? அப்பல்லாம் டோக்கன வூட்டுக்கே எடுத்துட்டுப் போயிடுவாங்க. அது மச்சான் வூட்டுலயே தங்கிடுச்சு, இவன் சும்மாவே எறங்கிட்டான். சங்கு ஊதுனாங்க. கணக்குப் பாத்தாங்க, சரியா இருந்துச்சு. வேட்டு வச்சுட்டாங்க."

அவர் டம்ளர்களைக் கழுவத் தொடங்கினார்.

"பேரு என்னக்கா?"

"கேட்டு வச்சிருந்தாத்தான தெரியும்?"

அதன் பிறகு தினமும் அந்த வாடை வந்தது. தினமும் "குழி காலி" என்றேன். மேக்ரோவில் நான் சேர்த்த கட்டளை தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது.

மழை கட்டிக்கொண்டு வந்த ஒரு மதியம். துளைகளில் மருந்து நிரப்பியாகிவிட்டது. மேற்கே மின்னிக்கொண்டிருந்தது. இடி இறங்கினால் நிரப்பிய மருந்து தானாகவே வெடிக்கக்கூடும் என்பதால் எல்லோருக்கும் அவசரம். சங்கு ஊதியதும் ஆட்கள் ஓடி வந்தார்கள். ராஜா என்கிற ஆள் ஒரு கை நிறைய டோக்கன்களை ஜன்னலில் கொட்டினான். கூட்டாளிகளின் டோக்கனை ஒருவனே சேர்த்து வாங்கி வருவது அவர்கள் வழக்கம். நான் எத்தனையோ முறை திட்டியிருக்கிறேன்.

"பின்னாடியே வர்றாங்க மேடம். ஒங்க தம்பிய நான் என்ன முழுங்கிடவா போறேன்?" என்று சிரித்தான்.

பதிந்தேன். பட்டனை அழுத்தினேன்.

'உள்ளே' டேபிளில் ஒரு வரி மிச்சம். பெயர் இல்லை.

வரக் கூடாது. அதைத் தடுக்கத்தான் கட்டளை இருந்தது. மேக்ரோவைத் திறந்து பார்த்தேன், நான் எழுதிய கட்டளை அப்படியே இருந்தது. இரண்டு டேபிளையும் கையால் அழித்துவிட்டு மறுபடி அழுத்தினேன். டேபிள்கள் உருவாயின. எல்லாருக்கும் முதலாக அந்த வெற்று வரிதான் வந்து உட்கார்ந்தது.

"சொல்லும்மா, வானம் இறங்குது" என்றார் சிவசுப்பிரமணியன்.

"சார், ஒரு ஆள் உள்ள இருக்கு."

"யாரு? பேரச் சொல்லு."

என்னிடம் பெயர் இல்லை.

"பேரே இல்லாத ஆளுக்காக வேட்ட நிறுத்தச் சொல்றியா? டோக்கன் எல்லாம் வந்தாச்சுல்ல?"

வாக்கி டாக்கி கரகரத்தது. "என்னம்மா, காலியா?" ஆண்டவரின் குரல்.

வாடை அறைக்குள் வந்திருந்தது. என் தோளுக்குப் பின்னால், மிக அருகில்.

"காலி இல்லைங்க" என்றேன்.

மேனேஜர் தலையில் அடித்துக்கொண்டார். ஆண்டவர் பைக்கை எடுத்துக்கொண்டு குழிக்குள் இறங்கினார். திரும்பி வந்தபோது பின்னால் அசோக் உட்கார்ந்திருந்தான். மறந்துவிட்ட ஒயர் கட்டரை எடுக்கப் போனவன் கால் இரண்டு பாறைகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டிருந்திருக்கிறது. மருந்து நிரப்பிய துளைகளுக்கு நேர் கீழே. அவனுடைய டோக்கன் என் மேஜைமேல் கிடந்தது.

நான் அவனைக் கட்டிக்கொண்டு அழுதேன். அவன் என் தோளுக்கு மேலாக எதையோ தேடினான்.

"அக்கா, கூட ஒருத்தர் வந்தாரே, எங்க?"

"யாருடா?"

"கால எடுத்துவிட்டாரே. டோக்கன் இல்லைன்னாரு. பரவால்ல வாங்க, எங்க அக்கா எழுதிக்கும்னேன்."

ஆண்டவர் என்னைப் பார்த்தார். "நான் போறப்ப இவன் மட்டும்தாம்மா இருந்தான்" என்றார்.

மழை பிடித்துக்கொண்டது. மறுபடி பட்டனை அழுத்திப் பார்த்தேன். 'உள்ளே' டேபிளில் பெயரில்லாத வரி இல்லை.

'வெளியே' டேபிளில் இருந்தது.

அன்றே மேனேஜர் சட்டம் போட்டார்: அவரவர் டோக்கனை அவரவர் கையாலேயே தர வேண்டும். அசோக் காலில் மாவுக்கட்டோடு வீட்டில் படுத்திருந்தான். அவன் டோக்கனை நானே ஆணியில் மாட்டினேன்.

மறுநாள் வானம் வெளுத்திருந்தது. சங்கு ஊதியது. ஒவ்வொருவராக வந்து டோக்கனைத் தந்துவிட்டுப் போனார்கள். ஜன்னல் வெறிச்சோடியதும் பட்டனை அழுத்தினேன்.

'உள்ளே' டேபிளில் ஒரு வரி மிச்சம்.

இந்த முறை பெயர் இருந்தது. அசோக்.

ஷீட்டில் அந்தப் பெயரை நான் பதியவில்லை. பலகையைத் திரும்பிப் பார்த்தேன். அவன் ஆணி வெறுமையாக இருந்தது.

போன் போட்டேன்.

"வூட்லதான்க்கா இருக்கேன். இந்தக் காலோட எங்க போவேன்?"

"உன் டோக்கனக் காணும்டா."

அவன் குரல் இறங்கிப் போயிற்று.

"அக்கா... நேத்து மேல வர்றப்ப அவரு கேட்டாரு. 'நாளைக்கு நீ வர முடியாதே தம்பி, ஒனக்குப் பதிலா நான் எறங்கட்டுமா'ன்னு. நான் சரின்னுட்டேன்."

"என்னம்மா யோசன? அசோக்தான் வரவே இல்லையே. சொல்லு" என்றார் சிவசுப்பிரமணியன்.

வாக்கி டாக்கியை எடுத்தேன். மறுபடி மேஜைமேல் வைத்தேன். ஒரு முறை இப்படித்தான் கணக்கு சரியாக இருந்திருக்கிறது. ஒரு முறை இப்படித்தான் யாரோ "குழி காலி" என்று சொல்லியிருக்கிறார்கள்.

காத்திருந்தேன்.

மேனேஜர் கத்தினார். நான் ஜன்னலை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முதலில் வாடை வந்தது.

பிறகு ஜன்னல் கட்டையில் பித்தளை உரசும் சத்தம். வெளியே ஆள் இல்லை. வெள்ளைத் தூசியின்மேல் அசோக்கின் டோக்கன் இருந்தது. அதிலிருந்து தண்ணீர் சொட்டியது. பக்கத்தில் ஈரமாக ஐந்து விரல் தடம்.

மேனேஜர் ஜன்னலை விட்டுப் பின்வாங்கினார்.

டோக்கனை எடுத்தேன். பனிக்கட்டிபோல் இருந்தது. அசோக் பெயரை 'வெளியே' பக்கத்தில் பதிந்து பட்டனை அழுத்தினேன். இரண்டும் பொருந்தின.

"குழி காலி" என்றேன்.

"சரிங்கம்மா" என்று பதில் வந்தது.

ஆண்டவரின் குரல் இல்லை அது. வாக்கி டாக்கியிலிருந்தும் வரவில்லை.