நீர்வாயிலில் கேட்ட கேள்வி

பேரியாற்றின் மேற்குக் கோடியில் செஞ்ஞாயிறு கடலுக்குள் இறங்கிக்கொண்டிருந்த அதே வேளையில், கிழக்கே மிளகுக்கொடி படர்ந்த மலைகளின் தோளுக்கு மேலே முழுமதி எழ, நதியின் ஒரு பாதி செம்பாகவும் மறுபாதி வெள்ளியாகவும் ஆகியிருந்தது. அவ்விரு நிறங்களும் கலக்கும் நடுநீரில் மிதந்து சென்ற சிற்றோடமொன்றில், மிளகு வணிகனைப் போல் உடுத்தி அமர்ந்திருந்தான் எயினன்.

வாசகர்களே, அவன் வணிகன் அல்லன். மலைநாட்டுத் தலைவன் குன்றவேளின் ஒற்றன். வெண்டுறைக் கோட்டையில் யவனப் பொன் குவிந்து கிடப்பதாகக் கேள்வியுற்ற குன்றவேள், உள்ளே புகும் வழியைக் கண்டுவர அவனை ஏவியிருந்தான். ஆனால் முக்காடிட்டுத் துடுப்பு வலித்த நங்கையின் குரலோ, தாழம்பூ மணத்தோடு வந்த கடற்காற்றைப் போல அவன் நெஞ்சை மயக்கிற்று. வந்த காரியம் கனவில் கண்டதுபோல் மங்கிற்று.

கோட்டையின் நீர்வாயில் கண்ணில் பட்டது. கதவு திறந்திருந்தது, காவல் இல்லை.

"காவலர் எங்கே, அம்மணி?" என்றான், வியப்பை மறைக்க முயன்று.

"வறண்ட ஊர்களுக்கு நெல் சுமந்து போயிருக்கிறார்கள், ஐயா."

"கருவூலத்தை விட்டுவிட்டா?"

நங்கை கலகலவென்று சிரித்தாள். "அங்கே இப்போது வௌவால்கள்தாம் குடியிருக்கின்றன! மழை பொய்த்ததும், இருந்த பொன்னையெல்லாம் யவனர் கலங்களுக்குக் கொடுத்து நெல்லாக வருவித்துவிட்டார் அரசியார்."

"பொன்னை இழந்த அரசு எப்படி நிலைக்கும்?"

"இத்துறையில் தங்கிய யவன ஞானி ஒருவர் சொல்வார்: பொன்னால் நற்குணம் பிறப்பதில்லையாம், நற்குணம் உள்ளவர் கையில்தான் பொன்னும் நன்மையாகிறதாம். மந்தைக்காக மேய்ப்பவனே மேய்ப்பன், தன் வயிற்றுக்காக மேய்ப்பவன் கசாப்புக்காரன் என்பார். இன்னொன்றும் கேட்பார்." துடுப்பு நின்றது. "யார் கண்ணுக்கும் தென்படாமல் திரியும் வரம் ஒருவனுக்குக் கிடைத்தால், அப்போதும் அவன் அறவழியில் நிற்பானா? தாங்கள் நிற்பீர்களா, ஐயா?"

எயினன் தன் வணிக வேடத்தைக் குனிந்து பார்த்தான். வேடம் பூண்டு, பெயர் மறைத்து, ஊர் ஊராகத் திரியும் தனக்கு அந்த வரம் என்றோ கிடைத்துவிட்டதல்லவா? அதைக்கொண்டு தான் செய்ததெல்லாம் என்ன? நிலவொளியில் நீர்வாயில் வாய் பிளந்து நின்றது. உள்ளே, பசித்த குழந்தைகளின் நெல் இருந்தது.

"அம்மணி, ஓடத்தைக் கரைக்குத் திருப்புங்கள்," என்றான் கடைசியில். "என்னைக் காவலரிடம் ஒப்புவியுங்கள். நான் குன்றவேளின் ஒற்றன்."

அவள் திடுக்கிடவில்லை. அச்சமயம் மதில்மேலிருந்து, "ஓடத்தில் யார்?" என்று, எஞ்சியிருந்த காவலன் ஒருவனின் குரல் அதட்டியது. நங்கை முக்காட்டை விலக்கி நிமிர்ந்தாள். தீவட்டி ஒன்று தாழ்ந்தது, "அரசி நறுங்கோதையார் வாழ்க!" என்ற முழக்கம் ஆற்றின்மேல் உருண்டு வந்தது.

எயினன் மண்டியிட்டான். ஓடம் ஆடிற்று.

"எழுந்திருங்கள், வீரரே. காவலர் குறைந்த நாளில் இத்துறையில் ஓடம் வலித்து வருவோரைப் பார்ப்பவள் நானே. வில்நாண் தழும்பேறிய கையை மிளகு வணிகரிடம் நான் கண்டதில்லை," என்றாள் அரசி புன்னகையுடன். "தாங்கள் சிறைப்பட வேண்டாம். திரும்பிப் போய்க் கண்டதை உள்ளபடி சொல்லுங்கள்: கதவு திறந்திருக்கிறது, கருவூலம் வெறுமை, களஞ்சியம் நிறைவு. மலைநாட்டிலும் மழையில்லை என்று அறிவேன். நெல் வேண்டுமானால் கேட்கச் சொல்லுங்கள். அதற்குப் படை வேண்டாம்."

"அவர் உப்பைத் தின்றவன் நான், தேவி, அவரிடம் பொய் சொல்லமாட்டேன். ஆனால் இத்தனையும் கேட்ட பின்னும் அவர் படையெடுத்தால், இந்த ஆற்றின்மேல் ஆணை! அவர் வருமுன் நான் வந்து இந்த வாயிலில் நிற்பேன். என்னைக் கடந்தே எவரும் உள்ளே வர முடியும்."

"அறத்துக்காகவா, அல்லது…" அரசியின் குரல் முதன்முறையாகத் தடுமாறிற்று.

ஓடம் கரையை அணைந்ததும் குதித்த எயினன் திரும்பிப் பார்த்தான். "அதை மட்டும் திரும்பி வந்து சொல்கிறேன், தேவி," என்று கூறி, நிலவு புகாத தாழங்காட்டினுள் மறைந்தான்.