வெட்டிய தகடு

மதியச் சாப்பாட்டு நேரம். பட்டறையில் மெக்கானிக் மட்டும் இருந்தான். தகரக் கூரையில் மழை கொட்டிக்கொண்டிருந்தபோது அக்காவின் வெள்ளைக் கார் கிறீச்சென்று கத்தியபடி வாசலில் வந்து நின்றது. அவனுக்குப் பல் கூசியது. எட்டு மாதமாக அந்த வண்டியின் முகத்திலேயே முழிக்காமல் இருந்தவன் அவன். இறக்கத்தில் நிற்காமல் போய்ச் சுவரில் மோதி அக்காவைத் தின்ற வண்டி. "அவளுக்கு ஓட்டத் தெரியல" என்று கதையை முடித்துவிட்டார் அக்கா புருஷன்.

அவர்தான் இப்போது இறங்கினார். உதிரிபாகக் கடை வைத்திருப்பவர்.

"முன்பக்கம் எல்லாம் சரி பண்ணியாச்சு மச்சான். பிரேக்தான் கத்துது. திங்கக்கிழமைலேருந்து பொண்ணு இதுலதான் வேலைக்குப் போகணும்."

அக்காவுக்கு ஒரே மகள். அவளுக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு வண்டியை ஸ்டாண்டில் ஏற்றினான்.

பிரேக் கத்தினால் தூசியோ துருவோ இருக்கலாம். சக்கரத்தோடு சுற்றும் டிஸ்கில் கோடு விழுந்திருக்கலாம். பெரும்பாலும் டிஸ்கை அழுத்திப் பிடிக்கும் பேடில் இருக்கும் ஒரு சின்னத் தகடுதான் காரணம். பேட் தேய்ந்ததும் அது டிஸ்கில் உரசிக் கத்தும். என்னை மாற்று என்று சொல்வதற்கென்றே வைத்தது.

சக்கரத்தைக் கழற்றினான். பேட் காகிதமாய்த் தேய்ந்திருந்தது. தகட்டைக் காணோம். அங்கே பிளையரால் வெட்டிய தடம், துருவேறிக் கிடந்தது.

மறுபக்கமும் அப்படியே.

கத்த வேண்டியதையே வெட்டியாயிற்று. அப்படியானால் இவ்வளவு நேரம் கத்தியது எது?

ஆறிப்போன சக்கரத்திலிருந்து கருகல் நாற்றம் எழுந்தது. கூடவே அக்காவின் பவுடர் வாசனை.

"யார் மாமா வெட்டினது?"

மாமா மழையைப் பார்த்தார். "சும்மா கத்திக்கிட்டே இருந்துச்சுப்பா. அவளும் பேட் மாத்துங்க, பேட் மாத்துங்கன்னு தினம் உயிரை வாங்கினா. சத்தம் நின்னா போதும்னு..."

"கடையில பேட் இல்லையா?"

"அடுக்கடுக்கா இருந்துச்சு. நேரந்தான் இல்ல."

அவனுக்கு ரத்தம் கொதித்தது. பேடுகளைப் பிடுங்கி அவர் காலடியில் வீசினான். "கொன்னுட்டு, பழியையும் அவ மேலயே போட்டீங்களே! மனுஷனா நீங்க?"

கிறீச்.

வண்டி ஸ்டாண்டில் நின்றது. முன்சக்கரம் இல்லை. பேடும் இல்லை.

கிறீ...ச்.

"நிறுத்துடா அதை!" மாமா காதைப் பொத்திக்கொண்டார்.

"எதை நிறுத்த? உரச அங்க ஒண்ணுமே இல்ல."

மாமா மழையிலேயே ஓடினார்.

புது டிஸ்க், தகடு வைத்த நல்ல பேட், இரண்டு பக்கமும் ஒரே ஜோடியாகப் பார்த்துப் போட்டான். இறக்கத்தில் பத்துமுறை ஓட்டினான். வண்டி வாயே திறக்கவில்லை. சாவியை அக்கா மகளிடம் கொடுத்து எல்லாவற்றையும் சொன்னான். அன்றே அவள் துணிமணியோடு அவன் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

சத்தம் மாமாவோடு போயிற்று. அவர் ஏறிய பஸ்ஸெல்லாம் ஒவ்வொரு நிறுத்தத்திலும் அலறின. பயணிகள் முகம் சுளித்தார்கள். கடைசியில் நடக்க ஆரம்பித்தார்.

ஒரு வாரம் கழித்துக் காலையில் போன் வந்தது.

"மச்சான், படுக்கிற அறையில கேக்குதுடா. ஏதாவது பண்ணி நிறுத்துடா."

போனுக்குள்ளும் அது கேட்டது. அதில் அழுகை இல்லை, அத்தனையும் கோபம்.

மெக்கானிக் போனை வாயருகே கொண்டுபோனான்.

"கத்து அக்கா," என்றான். "நல்லாக் கத்து."

ஒரு நொடி அது அடங்கியது. பிறகு முன்னைவிட உரக்க எழுந்தது.