பன்னிரண்டு நிமிடக் கணக்கு

காலை 11.20. வேனில் ஏற்றிய மூக்குக்கண்ணாடி லென்ஸ் பெட்டிகள் முப்பது. இறக்கி எண்ணியபோது இருபத்தொன்பது. 11.40-க்குள் கிடங்கே அவளைத் திருடி என்றது. ஒன்பது வருடம் கீறல் விழாமல் வேன் ஓட்டியவள். வேலையும் பேரும் ஒரே நாளில் போகப் பார்த்தன.

12.15. கிடங்கு அறையில் இன்ஸ்பெக்டர்.

"ஒத்துக்கிட்டா கேஸ் சின்னதா முடியும்மா."

"செய்யாததை எதுக்கு சார் ஒத்துக்கணும்? தலைகீழா நின்னாலும் மாட்டேன்!"

பெட்டிகளை எண்ணி இறக்கிய கிடங்குக்காரர் கனைத்தார். "காலையில வேலைக்கு வர பாலத்துகிட்ட பஸ்ஸுக்கு நின்னேன் சார். இவ வேனை நிறுத்தி எவன்கிட்டயோ பெட்டியைக் கொடுத்தா. வாட்ச்சைப் பார்த்தேன், சரியா பன்னிரண்டு நிமிஷம்."

ஒரு தாளையும் நீட்டினார். போக நூற்றிருபது கிலோமீட்டர், காலி வண்டி, வேகம் அறுபது. வர அதே தூரம், கண்ணாடிச் சரக்கு, நாற்பது. போகும்போதும் வரும்போதும் அந்தந்த வேகத்துக்கு மேல் போகாதபடி வேனில் கருவி உண்டு. சராசரி ஐம்பது, நாலு மணி நாற்பத்தெட்டு நிமிடத்தில் திரும்பியிருக்க வேண்டும். 5.30-க்குக் கிளம்பியவள் 11-க்குத்தான் வந்தாள். சரக்கேற்றிய அரை மணியைக் கழித்தாலும் ஐந்து மணி நேரம்; பன்னிரண்டு நிமிடம் அதிகம்.

"சாட்சியும் கணக்கும் கச்சிதமா ஒத்துப்போகுதே" என்றார் இன்ஸ்பெக்டர்.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தாளைப் பிடுங்கித் திருப்பிப் போட்டாள்.

"ரெண்டு வேகத்தையும் கூட்டிப் பாதியாக்கினா சராசரி ஆயிடுமா? போக ரெண்டு மணி. வர மூணு மணி. மெதுவா வந்த நேரம்தான் ஜாஸ்தி. இருநூத்தி நாப்பதை அஞ்சால வகுங்க. நாப்பத்தெட்டு. ஐம்பது இல்ல."

இன்ஸ்பெக்டர் பேனாவை எடுத்தார். ஒருமுறை போட்டார், மறுபடியும் போட்டார்.

"அஞ்சு மணி நேரமும் ஓடியே தீர்ந்துடுச்சு சார். நிக்க எனக்கு ஒரு நிமிஷம்கூட இல்ல. அப்போ அண்ணன் வாட்ச்சுல பார்த்த பன்னிரண்டு நிமிஷம் ஏது?" அவள் கிடங்குக்காரர் பக்கம் திரும்பினாள். "தப்பாப் போட்ட இந்தக் கணக்குல மட்டும்தான் அது இருக்கு. முதல்ல கணக்கைப் போட்டீங்க, அப்புறம் அதுக்கேத்த மாதிரி சாட்சி சொன்னீங்க. எண்ணி இறக்கினதும் நீங்க, பெட்டியை எடுத்ததும் நீங்கதான்!"

கிடங்குக்காரரின் அலமாரியைத் திறக்கச் சொன்னார் இன்ஸ்பெக்டர்.

12.50. அந்த அலமாரியில், பழைய சாக்குகளுக்கு அடியில் முப்பதாவது பெட்டி இருந்தது.

"நீ போகலாம்மா" என்றார் இன்ஸ்பெக்டர்.

"போக மாட்டேன். திருடின்னு எல்லார் காதுலயும் விழுந்தாச்சு. எல்லாரையும் கூப்பிடுங்க. இல்லைன்னு உங்க வாயால சொல்லுங்க."

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டாள். இன்ஸ்பெக்டர் தொப்பியை மாட்டிக்கொண்டு, ஆட்களைக் கூப்பிட வெளியே போனார்.