தலைகீழ் ஏணி

மாடிப்படி ஏறி வந்தவர் செருப்பைக் கழற்றிச் சுவரோரம் இணையாக வைத்தார். ஒன்று சற்றுக் கோணலாக இருப்பதாகப் பட்டதும் குனிந்து அதை நேராக்கிவிட்டு உள்ளே வந்தார். "கணக்கு வாத்தியார்," என்று அவசரம் அண்ணியின் காதருகே சொன்னான். சொன்னது சரியாகவே இருந்தது. அன்று அவன் சொன்னதில் சரியாக இருந்தது அது ஒன்றுதான்.

அவசரம் என்பது வீட்டில் வைத்த பட்டப்பெயர். மருந்துக் கம்பெனி விற்பனையாளன். நாற்பது வயதைத் தாண்டியும் கதவைத் தட்டிக்கொண்டே திறக்கிற ஆள். அவனுடைய அண்ணி, வங்கியில் கையெழுத்து சரிபார்க்கும் பிரிவில் காலம் தள்ளி ஓய்வு பெற்றவர். ஓய்வுக்குப் பிறகு, கள்ளக் கையெழுத்தில் தொடங்கிக் காணாமல் போன மோதிரம் வரை அக்கம்பக்கத்தார் கொண்டுவரும் வம்புகளை விசாரித்துச் சொல்வது அவருடைய வழக்கம். விற்பனைக்குப் போகவேண்டிய நேரத்தில் கொழுந்தன் இங்கே வந்து உட்கார்ந்திருப்பது அவனுடைய வழக்கம்.

"உட்காருங்க சார். தூங்கி எத்தனை நாளாச்சு?" என்றார் அண்ணி.

ஆசிரியர் சிரிக்க முயன்றார். "ஒரு பொண்ணு மேல பழி சொல்லியிருக்கேம்மா. கையில ஆதாரம் இருக்கு. ஆனாலும் மனசு ஒப்பல. நான் சொன்னது தப்புன்னு நிரூபிச்சுத் தர முடியுமான்னு கேக்கத்தான் வந்தேன்."

அவர் வேலை பார்ப்பது, போட்டித் தேர்வு வைத்துப் பிள்ளைகளைச் சேர்க்கும் அரசு உயர்நிலைப் பள்ளி. தேர்வில் தேறியவர்களுக்கு, பள்ளி திறக்குமுன் ஒரு மாதம் கணக்குப் பாடத்துக்கு ஆயத்த வகுப்பு நடக்கும். "நாலா பக்கத்திலேருந்தும் வர்ற பிள்ளைங்க," என்று விளக்கினார். "சிலது டியூஷன்ல வறுத்தெடுத்து வந்திருக்கும். சிலதோட பள்ளியில வடிவியல் பக்கத்தையே திருப்பியிருக்க மாட்டாங்க. எல்லாரையும் ஒரு படிக்குக் கொண்டுவரத்தான் இந்த வகுப்பு. கடைசியில ஒரு தேர்வு. அதுல காப்பி அடிச்சா இடம் போயிடும். காத்திருப்புல இருக்கிற அடுத்த பிள்ளைக்குப் போகும்."

"அந்தப் பொண்ணு?"

"டியூஷன் கிடையாது. அவ பழைய பள்ளியில வடிவியலே நடத்தல, விசாரிச்சுட்டேன். ஆனா முதல் மதிப்பெண் அவளுக்குத்தான். இதைப் பாருங்க."

இரண்டு தாள்களை மேசையில் வைத்தார். ஒன்று, தேர்வன்று காலையில் அவர் தம் கையால் எழுதிய மாதிரி விடை. மற்றது அந்தப் பெண்ணுடையது. மாதிரி விடையில் ஒரு முக்கோணமும் ஒரு வட்டமும் வரைந்திருந்தார். பெண்ணின் தாளிலும் அதே முக்கோணம், அதே வட்டம். ஆனால் தலைகீழாக. அடிப்பக்கம் மேலே, உச்சி கீழே.

"என் மேசை முதல் பெஞ்சை ஒட்டித்தான் இருக்கும். அவ எனக்கு நேர் எதிர்ல உட்கார்ந்திருந்தா. மாதிரி விடை என் பக்கமா விரிச்சுக் கிடந்தது. அவ பக்கத்திலேருந்து பார்த்தா..."

"தலைகீழாத் தெரியும்," என்று முடித்தான் அவசரம். "கேஸ் முடிஞ்சது அண்ணி. டீ சொல்லவா?"

"சொல்லு. குடிச்சிக்கிட்டே பார்க்கலாம்," என்றார் அண்ணி. அவர் பெண்ணின் தாளைக் கண்ணருகே பிடித்திருந்தார். "இது என்ன சார், ஏணியா?"

சுவரில் சாய்த்த ஏணியின் நீளம் கேட்ட கணக்கு அது. அந்தப் பெண் படம் போட்டிருந்தாள். தரை மேலே இருக்க, சுவரும் ஏணியும் அதிலிருந்து கீழே தொங்கின.

அவசரம் எட்டிப் பார்த்தான். "இந்த ஏணியில மேல போகணும்னா இறங்கித்தான் போகணும்."

"சார், மாதிரி விடையில ஏணிக்குப் படம் போட்டீங்களா?"

"இல்லம்மா. முக்கோணத்துக்கும் வட்டத்துக்கும் மட்டும்தான். மத்ததுக்குப் படம் தேவைப்படல."

"ஒவ்வொரு விடைக்கும் ரெண்டு கோடு போட்டிருக்காளே, எதுக்கு?"

"விடையைத் தனியாக் காட்ட எல்லாரும் கீழ ரெண்டு கோடு போடுவாங்க. இவ மேல போட்டிருக்கா. ஒவ்வொருத்தருக்கு ஒவ்வொரு பழக்கம்." ஆசிரியர் பெருமூச்சு விட்டார். "யாரு சொல்லிக்கொடுத்தாங்கன்னு கேட்டேன். யாரும் இல்லன்னா. அப்ப பார்த்து எழுதினியான்னு கேட்டேன். தலையைக் குனிஞ்சு அழுதா, ஒரு வார்த்தை பேசல. திருடலன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா விட்டிருப்பேன்."

"வீட்டுக்குச் சொன்னீங்களா?"

"சொல்லாதீங்கன்னு கையைப் பிடிச்சுக்கிட்டா. நாளைக்குக் காலையில தலைமையாசிரியை முன்னால விசாரணை."

அண்ணி தாளை மடித்துக் கொடுத்தார். "ஆயத்த வகுப்பு முதல் வாரத்துல அவ போட்ட தாள் ஏதாவது இருந்தா நாளைக்கு எடுத்து வையுங்க."

"அலமாரியில கிடக்கும். விடையை மட்டும் பார்த்து டிக் போட்டதுதான். படத்தையெல்லாம் யாரு பார்த்தா?"

"இனிமே பார்ப்போம்."

மாலைக்குள் அவசரத்தின் ஸ்கூட்டரில் இருவரும் அந்தப் பெண்ணின் வீட்டு வாசலில் நின்றார்கள். கதவைத் திறந்தவள் பதினேழு வயது மதிக்கத்தக்க அக்கா. வணக்கம் சொல்ல வாயெடுத்த அவசரத்தை, உதட்டில் விரல் வைத்து நிறுத்தினாள்.

"அப்பா தூங்குறார்," என்று கிசுகிசுத்தாள். "ராத்திரிக் காவல் வேலை. பகல்ல தூக்கம் கெட்டா அங்க கண் சொருகிடும். போன வேலை அப்படித்தான் போச்சு. இங்க எல்லாரும் சைகையிலதான் குடும்பம் நடத்துறோம்."

அந்த வீட்டில் தகப்பனாரின் குறட்டை ஒன்றே உரத்த குரலில் பேசியது. அவர் கிடந்த கட்டிலுக்கும் சமையல் மேடைக்கும் நடுவில், சன்னலோரமாக ஒரு மேசை. இந்தப் பக்கம் நாற்காலி, அந்தப் பக்கம் முக்காலி. மேசைமேல் பச்சை ரெக்சின் உறை, ஊசி குத்தினால்கூடத் தழும்பு நிற்கும் அளவுக்கு மெத்தென்று இருந்தது.

"ஸ்கூல்லேருந்து வர்றோம். புதுசா சேர்றவங்க விவரம் கேக்க," என்றார் அண்ணி, அதே கிசுகிசுப்பில்.

பெரியவள் முகம் மலர்ந்தது. "நான் எழுதி நூலிழையில விட்ட தேர்வு. இவ பாஸ் பண்ணிட்டா. நான் இப்ப மூக்குக் கண்ணாடிக் கடையில வேலை பார்க்கிறேன். அஞ்சல் வழியில படிக்கிறேன், வணிகம்."

சின்னவள் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு முக்காலியில் உட்கார்ந்தாள். விசாரணை என்ற சொல் எங்கே வாயிலிருந்து விழுந்துவிடுமோ என்று வந்தவர்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். அண்ணி பையிலிருந்து, ஆசிரியரிடம் வாங்கி வந்த வகுப்பு அட்டவணையை எடுத்துத் தம் பக்கமாக விரித்தார். "சனிக்கிழமை வகுப்பு உண்டாம்மா?" என்றார்.

"சனிக்கிழமைன்னு ரெண்டு தடவை போட்டிருக்கு மேடம். முதல்ல இருக்கிறது வெள்ளியா இருக்கணும்," என்றாள் சின்னவள். தாளை அவள் தொடவும் இல்லை, தலையைச் சாய்க்கவும் இல்லை.

அண்ணி ரெக்சின் உறையின்மேல் விரலை மெல்ல ஓட்டினார். மேசை நடுவைத் தாண்டி, முக்காலிப் பக்கம் போனதும் விரல் வேகம் குறைந்தது. பிறகு பெரியவளின் கைப்பேசி எண்ணைக் கேட்டார். அவள் ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கொடுத்தாள். எறும்பு ஊர்ந்த மாதிரி அவ்வளவு பொடி எழுத்து.

"கடையில கண்ணாடிக்குப் பவர் எழுதுற உறையில இடமே இருக்காது மேடம். சின்ன வயசிலேருந்தே இப்படித்தான், கடையில இன்னும் சிறுத்துடுச்சு."

"நாளைக்குக் காலையில தங்கச்சியோட நீயும் ஸ்கூலுக்கு வா," என்றார் அண்ணி. சின்னவளின் முகம் வெளிறியது. அண்ணி அவள் தோளைத் தட்டினார். "பயப்படாதே. நல்லதுக்குத்தான்."

தெருமுனை வரை வாயைக் கட்டிக்கொண்டு வந்த அவசரம் அங்கே வெடித்தான். "அண்ணி, அந்தப் பொண்ணு தலைகீழா சரளமா வாசிக்குது. வாத்தியார் மேசையில இருந்ததை வாசிக்கத் தெரியும்னு நாமளே சாட்சி சொல்லப்போறோமா? இது சொந்தக் காசுல சூனியம் வச்சுக்கிற கதை."

"வண்டியை ஓட்டு தம்பி. ரோட்டைப் பார்த்து."

மறுநாள் ஆயத்த வகுப்பு நடந்த அறையிலேயே எல்லாரும் கூடினார்கள். தலைமையாசிரியை கரும்பலகைக்குக் கீழே அமர்ந்தார். கணக்காசிரியர் பழைய தாள்களை நெஞ்சோடு அணைத்தபடி பெஞ்சின் பக்கவாட்டில் நின்றார். முதல் பெஞ்சின் ஒரு கோடியில் சின்னவள், மறு கோடியில் பெரியவள். என்ன நடக்கிறதென்று அக்காவுக்கு இப்போதுதான் தெரிந்திருந்தது. அவள் தங்கையைப் பார்த்தாள். தங்கை தரையைப் பார்த்தாள்.

"சார் பார்த்தது தப்பில்ல," என்று தொடங்கினார் அண்ணி. "இந்தப் படங்கள் தலைகீழாப் பார்த்தவங்க போட்டதுதான். ஆனா சார் மேசையைப் பார்த்து இல்ல. சார் ரெண்டே படம்தான் போட்டார். ஏணிக்குப் போடல. அப்போ இந்த ஏணி எங்கேருந்து தொங்குது?"

"மத்ததையும் தலைகீழாப் போட்டுட்டா சந்தேகம் வராதுன்னு நினைச்சிருக்கலாமே?" என்று கேட்டான் அவசரம். எதிர்த்தரப்புக்கு வாதாட அண்ணி அவனுக்கு எப்போதும் அனுமதி தந்திருந்தார்.

"சார், அந்தப் பழைய தாளைப் பிரிங்க."

ஆசிரியர் பிரித்தார். முதல் வாரத்துத் தாள். மாதிரி விடை எழுதப்படுவதற்கு வெகுமுன்பே எழுதியது. அதிலும் முக்கோணங்கள் தலைகீழாக நின்றன. விடைகளுக்கு மேலே இரட்டைக் கோடு.

"ஒரு மாசமா என் கண் முன்னாடியே இருந்திருக்கு," என்றார் அவர் தாழ்ந்த குரலில்.

"இந்தக் கோடுதான் எனக்கு வழி சொல்லுச்சு. யாரோ ஒருத்தர் விடைக்குக் கீழ ரெண்டு கோடு போடுறாங்க. எதிர்ல உட்கார்ந்து பார்த்தா அது மேல தெரியும். எண்ணும் எழுத்தும் இவ பள்ளியில நேரா கத்துக்கிட்டா. வடிவியலை மட்டும் ஒரு மேசைக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்து கத்துக்கிட்டா. வாய் திறந்து பேசக்கூடாத வீடு. அதனால யாரும் சொல்லிக்கொடுக்கலன்னு இவ சொன்னதும் நிஜம்." அண்ணி சின்னவள் பக்கம் திரும்பினார். "எதிர்ல கணக்குப் போட்டது அக்காதானே? அதை ஏம்மா சொல்லல?"

சின்னவள் பெஞ்சின் விளிம்பைப் பற்றிக்கொண்டாள். "அக்கா ரொம்ப ஆசைப்பட்ட ஸ்கூல் இது. கிடைக்கலன்னு ஒரு மாசம் சரியா சாப்பிடல. அவ போட்ட கணக்கையெல்லாம் அவளுக்குத் தெரியாம பார்த்துப் பார்த்து நான் உள்ள வந்துட்டேன். சார் திருடினியான்னு கேட்ட மாதிரி இருந்துச்சு. இல்லன்னு சொல்ல வாய் வரல. அக்காவுக்குத் தெரிஞ்சா என்னை..."

தலைமையாசிரியை மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவசரம் சன்னல் பக்கம் திரும்பித் தூசி விழுந்ததாகக் கண்ணைக் கசக்கினான். "கேஸ் முடிஞ்சது அண்ணி," என்றான், இம்முறை மெதுவாக.

"இல்ல தம்பி. பாதிதான் முடிஞ்சது." அண்ணி பெஞ்சின் மறு கோடிக்குப் போனார். "நீ பொடியா எழுதுறவ. ஆனா அந்த ரெக்சின்ல அழுந்திக் கிடக்கிற எண் ஒவ்வொண்ணும் கட்டைவிரல் அகலம். அதுவும் உன் நாற்காலிப் பக்கம் இல்ல. மேசை நடுவைத் தாண்டி, முக்காலிப் பக்கம். தனக்காக எழுதுறவ யாரும் அவ்வளவு தூரத்துல தாளை வச்சு, கை வலிக்க எட்டி எட்டி எழுத மாட்டா."

பெரியவளின் காது மடல் சிவந்தது.

"தேர்வு போன பிறகு நீ படிச்சது வணிகம். அதுல முக்கோணமும் இல்ல, ஏணியும் இல்ல. அதுக்கப்புறமும் இத்தனை வருஷம் யாருக்காக அந்தக் கணக்கைப் போட்டே?"

சின்னவள் தலையை நிமிர்த்தினாள். "நீ வருத்தத்துல போட்டுக்கிட்டு இருக்கேன்னு நினைச்சேன்க்கா."

"வருத்தப்படுறவ யாராவது ஏணியோட நீளம் கண்டுபிடிப்பாளாடி?" என்றாள் பெரியவள். சிரித்தாள், சிரிக்கும்போதே கண் நிறைந்தது. "கணக்குச் சொல்லித்தரேன் வான்னு கூப்பிட்டா இவ காத தூரம் ஓடுவா மேடம். கூப்பிடாம இருந்தா தானா வந்து முக்காலியில உட்காருவா, பூனை மாதிரி. ஒரு வரி எழுதுவேன், கையை எடுத்துக்குவேன். இவ கண்ணு கடைசி எண் வரைக்கும் வந்துச்சான்னு பார்த்துட்டுத்தான் அடுத்த வரி."

"தாளைத் திருப்பி நேரா வச்சிருக்கலாமேம்மா?" என்றான் அவசரம், தாங்க முடியாமல்.

"திருப்பினா பாடம்னு தெரிஞ்சிருக்கும் சார். பாடம்னா ஓடிடுவாளே."

சின்னவள் எழுந்தாள். பெஞ்சின் நீளம் முழுவதையும் நடந்து, அக்காவின் பக்கத்தில் இடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். "எமகாதகி," என்றாள் அக்காவின் தோளில் முகத்தைப் புதைத்தபடி. "எத்தனை நாள் கழுத்து வலிச்சுது தெரியுமா எனக்கு?"

"எனக்குக் கை வலிச்சுது. சரியாப் போச்சு."

தலைமையாசிரியை விசாரணைக் குறிப்பை எடுத்து இரண்டாகக் கிழித்தார். "இடம் உன்னுடையதுதான்மா," என்றார். "பதிவுக்காக ஒரே ஒரு கணக்கு, எங்க முன்னால போட்டுடு. சார், ஒண்ணு சொல்லுங்க."

ஆசிரியர் தொண்டையைச் செருமிக்கொண்டு, சுவரில் சாய்ந்த ஏணி ஒன்றைச் சொன்னார். சின்னவள் தாளை இழுத்து வைத்து, பழக்க தோஷத்தில் மேலே தரையை வரைந்தாள். அதிலிருந்து சுவரைத் தொங்கவிட்டாள், ஏணியைச் சாய்த்தாள். பென்சில் சட்டென்று நின்றது. அவள் பயந்துபோய் ஆசிரியரைப் பார்த்தாள்.

அவர் தாளைத் திருப்பச் சொல்லவில்லை. நின்ற இடத்தை விட்டு, பெஞ்சைச் சுற்றி நடந்து, அவளுக்கு எதிரே போய்க் குனிந்து நின்றார். அங்கிருந்து பார்க்கையில் தரை தரையில் இருந்தது, ஏணி நேராகச் சுவரேறிப் போயிற்று.

"சரியா இருக்கும்மா," என்றார். "மேல போடு."